வாளும் கைப்பிடிச் சுவரும்: நாட்டுத் துப்பாக்கியும் கிறித்தவ அறமும்

கிறித்தவர் ஆயுதம் வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு ஏறக்குறைய 1800 ஆண்டு வயது. இன்று அந்தக் கேள்வியை எடுத்தாலே அமெரிக்காதான் நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடுகள், அரசமைப்பின் இரண்டாம் திருத்தம், ஆராதனை நடக்கும்போது இடுப்பில் ஆயுதத்தோடு நிற்கும் சபைக் காவலர் என்று காட்சிகள் வரிசையாக வருகின்றன. தமிழ்நாட்டுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வங்கி வாசலிலும் காவலர் தோளிலும் மட்டுமே துப்பாக்கியைப் பார்த்துப் பழகிய சமவெளிக்காரரின் கேள்வி அது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும், சுற்றியுள்ள சேர்வராயன், கல்வராயன், பச்சைமலைகளிலும் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி பழைய சங்கதி. இத்தனை நாளுக்குள் ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிக்கும்; ஊர்ப் பெரியவர்கள் மூலம் சில துப்பாக்கிகள் வந்து சேரும்; சில மாதம் கழித்து இன்னொரு சோதனை, இன்னொரு பறிமுதல். இதே கொல்லிமலையில் நூறாண்டுக்கு மேலாகக் கிறித்தவ சபையும் இருக்கிறது. ஆகவே கேள்வி இங்கும் பொருந்துகிறது. ஆனால் உலகம் சொல்லி வைத்திருக்கும் பதில்கள் இங்கே எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்பது வேறு விஷயம். அந்தப் பதில்களில் மிகப் பெரும்பாலானவை எதிரியை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கொல்லிமலைத் துப்பாக்கி குறிபார்ப்பது காட்டுப்பன்றியை. குறி தவறினால் அது சாய்ப்பது பக்கத்து வீட்டுக்காரரை.

மலையில் துப்பாக்கி

வேட்டைப் பெருமை இந்த மலைக்குப் புதிதல்ல. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எனத் துளைத்துக்கொண்டு போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாக வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடுகிறார். ஆடி 17, 18 நாட்களில் செம்மேட்டில் நடக்கும் ஓரி விழாவில் இன்றும் வில்வித்தைப் போட்டி உண்டு. வில்லுக்கு விழா எடுக்கும் அரசுதான் துப்பாக்கிக்கு வழக்குப் போடுகிறது என்று மலைக்காரர் யாராவது முணுமுணுத்தால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முழு நியாயம் இல்லை.

இங்கே பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய சகோதரர் மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் பச்சைமலைக்கும், இளையவர் கொல்லிமலைக்கும் போய்ச் சேர்ந்ததாக அவர்களுக்குள் வழங்கும் கதை சொல்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறிவிட்டது. கூடவே மிளகு, காப்பி, வாழை, பலா, அன்னாசி. பன்றிக் கூட்டம் ஒன்று மரவள்ளிக் காட்டில் ஓர் இரவு புகுந்தால் போதும், விடிந்ததும் பார்க்கிறவருக்கு யாரோ ஏர் கட்டி உழுதுவிட்டுப் போனது மாதிரி இருக்கும்.

நாட்டுத் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த விவாதம் பிடிபடும். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ கந்தல் துணியையோ திணித்து, கம்பியால் இடித்து, மேலே ஈயக் குண்டோ சைக்கிள் பால்ரஸோ போட்டு, மறுபடி அடைப்பார்கள். பின்பக்கத்துத் துளையின்மேல் ஒரு வெடிப்பொட்டு. விசையை இழுத்தால் சுத்தி அதன்மேல் விழும். ஒரே ஒரு வெடிதான். அடுத்ததற்குத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைவிட முக்கியம், ஒருமுறை கெட்டித்த துப்பாக்கியை வெடிக்காமல் காலி செய்வது பெரும்பாடு. பன்றி வராத இரவில் பரணிலிருந்து இறங்கும் விவசாயி கெட்டித்த துப்பாக்கியோடுதான் வீடு திரும்புகிறார். அது மூலையில் சாய்ந்தோ கூரையில் செருகியோ, குழந்தைகள் நடமாடும் வீட்டில், அடுத்த இரவுக்காகக் காத்துக் கிடக்கிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. செய்து விற்பவருக்கு 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. ஆனால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்கிறது. மலை விவசாயியின் கையிலிருக்கும் கருவியைச் சட்டம் பெயர் சொல்லி அறிந்திருக்கிறது. இன்னொரு பக்கம், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றியையும் காக்கிறது. துப்பாக்கிக்கு உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுடும் அனுமதி அதோடு சேர்ந்து வந்துவிடுவதில்லை.

சபை இந்த மலைக்கு வந்தது மருந்துப் பெட்டியோடு. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் 1913இல் திருமணம் முடிந்த கையோடு இங்கே குடியேறினார்கள். பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்துப் புகழ்பெற்ற பால் பிராண்ட் 1914இல் அவர்களுக்குப் பிறந்தவர். 1929இல் கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி இறந்தார். ஈவ்லின் முதுமையிலும் மலை மலையாக ஏறி ஊழியம் செய்து 1974இல் மறைந்தார். இந்தச் சபை மரபு ஆயுதத்தை முற்றாக மறுக்கும் சமாதான சபை மரபு அல்ல என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அரசு ஏந்தும் வாளையும் நியாயமான போரையும் 1689ஆம் ஆண்டின் லண்டன் பாப்டிஸ்ட் விசுவாச அறிக்கை ஏற்கிறது. கால்வினிய பாப்டிஸ்டுகள் அந்த வழி வந்தவர்கள்.

மறுப்பின் மரபு

முதல் மூன்று நூற்றாண்டுகளின் எழுத்துகளில் ஓங்கி ஒலிப்பது மறுப்புக் குரல். கெத்செமனே தோட்டத்தில் பேதுரு வாளை உருவி, பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸின் காதை வெட்டியபோது இயேசு அதை உறையிலே போடச் சொன்னார். பேதுருவுக்கு இட்ட அந்தக் கட்டளையை எல்லாப் படைவீரருக்கும் இட்ட கட்டளையாகவே தெர்த்துல்லியன் படித்தார். ஓரிகேனும் கிறித்தவர்கள் பேரரசனுக்குச் செய்யும் உதவி ஜெபம்தான், போர் அல்ல என்று வாதிட்டார். 295இல் நுமிதியாவின் தெபெஸ்தே நகரில் மாக்சிமிலியன் என்ற இளைஞர் படையில் சேர மறுத்ததற்காகக் கொல்லப்பட்டார்.

பதினாறாம் நூற்றாண்டில் அனபாப்டிஸ்டுகள் இதைப் புதுப்பித்தார்கள். 1527ஆம் ஆண்டின் ஷ்லைட்ஹைம் அறிக்கை வாளை முற்றாக ஒழிக்கவில்லை. உலகை ஆளுவோருக்கு அது தேவைப்படலாம், கிறிஸ்துவின் பூரணத்துக்குள் அதற்கு இடமில்லை என்று பிரித்தது. மென்னோனைட்டுகளும் ஆமிஷ்களும் இந்த வழியினர். 2006 அக்டோபரில் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸில் ஆமிஷ் பள்ளியில் ஐந்து சிறுமிகள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொன்றவனின் குடும்பத்துக்கு அந்தச் சமூகம் உடனே ஆறுதல் சொல்லப் போனதை உலகம் வியந்து பேசியது. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி, அதே ஆமிஷ் வீடுகளில் மான் வேட்டைத் துப்பாக்கி சாதாரணம் என்பது. மனிதனுக்கு எதிராக ஆயுதம் எடுப்பதை மறுக்கும் கடுமையான மரபுகூட வேட்டைத் துப்பாக்கியை வேறு கணக்கில் வைக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த மரபுக்குக் கிளை உண்டு. அது பாதி காந்தி வழியாக வந்தது. மலைப் பிரசங்கமும் தல்ஸ்தோயும் காந்தியைத் தொட்டன. காந்தி தமிழ்க் கிறித்தவர் சிலரைத் தொட்டார். சாவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். 1932இல் சென்னையில் மறியல் நடந்த இடத்தில் பேட்டன் போலீசாரால் தாக்கப்பட்டார். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா இன்னும் கூர்மையாகப் பேசினார். 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது, ஆயுதமற்றவர்கள்மேல் அரசு வன்முறையை ஏவுவதைப் பற்றி வாய்திறக்காத திருச்சபை, சத்தியாக்கிரகிகளுக்கு மட்டும் உபதேசம் செய்வதை ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட்டிடமே நேரடியாகத் தட்டிக் கேட்டார். ஆயுத மறுப்பைத் தனிமனிதப் பக்தியாகச் சுருக்காமல் அரசின் ஆயுதத்தையும் கணக்கில் எடுத்தவர் என்ற வகையில் குமரப்பாவின் இடம் தனி.

இந்த மரபின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்தது. தாக்கப்படுபவர் நானாக இருந்தால் கன்னத்தைத் திருப்பிக் காட்டலாம். என் பொறுப்பில் இருக்கும் குழந்தையாக இருந்தால்? இதற்கு மறுப்பாளர்கள் தரும் பதில்கள் சாட்சியாக வாழ்வதைப் பற்றியவை. கேட்டவரை முழுதாகத் திருப்திப்படுத்துபவை என்று சொல்லிவிட முடியாது.

அனுமதியின் மரபு

நான்காம் நூற்றாண்டுக்குப் பிறகு சபை அரண்மனையோடு உறவாடத் தொடங்கியதும் பதிலும் மாறியது. அகுஸ்தீனின் நிலைப்பாடு பலரும் நினைப்பதைவிட வித்தியாசமானது. போர்வீரனும் அதிகாரியும் பொதுநலனுக்காகக் கொல்வதை அவர் ஏற்றார். ஆனால் தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒரு தனிமனிதன் இன்னொருவனைக் கொல்வதை பப்ளிகோலாவுக்கு எழுதிய கடிதத்தில் ஏற்கத் தயங்கினார். இன்றைய அமெரிக்க வாதம் இதை அப்படியே தலைகீழாக்கி, அரசைச் சந்தேகித்துத் தனிமனிதத் தற்காப்பைப் புனிதமாக்குகிறது. தற்காப்புக்குக் கதவைத் திறந்தவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். காத்துக்கொள்வதே நோக்கமாக இருந்து, தேவைக்கு மேல் பலம் பயன்படுத்தாமல் இருந்தால், தாக்கியவன் இறந்தாலும் அது பாவமாகாது என்றார். இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இந்த வழியில் நிற்கிறது. ஆயுத உற்பத்தியையும் விற்பனையையும் அரசுகள் ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் அதே நூல் சொல்கிறது. ஆகவே தற்காப்பு உரிமையிலிருந்து கட்டுப்பாடற்ற ஆயுத உரிமைக்கு நேர்வழி போட அந்த மரபில் இடமில்லை.

வேத வசனங்களை வைத்து நடக்கும் இழுபறி முடிவதில்லை. வாள் இல்லாதவன் வஸ்திரத்தை விற்று வாங்கட்டும் என்ற பொருளில் லூக்கா 22ஆம் அதிகாரத்தில் வரும் இயேசுவின் சொல்லை ஒரு தரப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு வாள் இருப்பதாகச் சீடர்கள் காட்டியதும் அவர் பேச்சை முடித்துக்கொண்டதையும், சற்று நேரத்தில் அதில் ஒன்று உருவப்பட்டபோது தடுத்ததையும் மறுதரப்பு எடுத்துக்காட்டும். இஸ்ரவேலில் கொல்லனே இல்லாதபடி பெலிஸ்தர் பார்த்துக்கொண்டார்கள் என்ற 1 சாமுவேல் 13ஆம் அதிகாரச் செய்தி, ஆயுதக் கட்டுப்பாடு அடிமைத்தனத்தின் அடையாளம் என்பதற்குச் சான்றாக நிற்கும். எதிரே ஏசாயா வாள்களைக் கொழுவாக அடிக்கச் சொல்வார். வசனத்தை மட்டும் எண்ணி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்பதற்கு வரலாறே போதும்.

தமிழ்க் கரையில் வந்த பீரங்கி

தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் துப்பாக்கி தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோது அதோடு போர்த்துகீசியக் கடற்படையின் பாதுகாப்பும் வந்தது. விசுவாசமும் பீரங்கியும் எந்த விகிதத்தில் கலந்திருந்தன என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். கலந்திருந்தன என்பதில் வேறுபாடு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிக் கோட்டைப் படைக்குப் போதகராக இருந்த ஷ்வார்ட்ஸ் ஐயர் 1779இல் கும்பினியின் தூதராக ஹைதர் அலியைச் சந்திக்கப் போனார். போதகர் கையில் ஆயுதம் இல்லை. அவரை அனுப்பியவர்கள் கையில் இருந்தது.

எதிர்முனையில் நிற்பவர் தேவசகாயம். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிக் கிறித்தவரான அவரை 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. துப்பாக்கியால் காக்கப்பட்ட சபை, துப்பாக்கியால் சாட்சியான புனிதர் என இரண்டு நினைவுகளும் ஒரே தென்கரையில் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து ஆயுத இறையியல் பேசியிருக்க வேண்டிய இடம் இது. பேச்சு அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

1878இல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விதிவிலக்கு அளித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நின்ற அந்த விதிப்படி மலைக்கு வந்த வெள்ளைக்கார ஊழியருக்கு உரிமம் தேவையில்லை. மலையில் பிறந்த விவசாயிக்குத் தேவை. கட்டுப்பாட்டை ஒரு பக்கம் மட்டும் அழுத்தும் சட்டமாக மலை மக்கள் முதலில் சந்தித்தார்கள். இந்த நினைவு எங்கோ ஆழத்தில் கிடக்கிறது என்று ஊகிக்கலாம், நிரூபிப்பது கடினம். விதிவிலக்கு இன்றும் முற்றாகப் போய்விடவில்லை. குடகு மக்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் கிடைத்த உரிம விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கொல்லிமலை மலையாளிக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

இனத்தின் பெயரால் எடுத்த துப்பாக்கி

ஒடுக்கப்படும் மக்கள் ஆயுதம் எடுக்கலாமா என்பது இன்னொரு கிளைக் கேள்வி. இங்கே தெற்காசியாவின் அனுபவம் அமெரிக்காவுடையதைவிடக் கனமானது. 1980இல் உருவான நாகாலாந்து தேசிய சோஷலிசக் குழு நாகாலாந்தைக் கிறிஸ்துவுக்கு உரியதாக்கும் முழக்கத்தைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடித்தது. அதே மண்ணின் பாப்டிஸ்ட் சபைகள் 1964இல் ஜெயப்பிரகாஷ் நாராயண், மைக்கேல் ஸ்காட், அன்றைய அசாம் முதலமைச்சர் சாலிஹா ஆகியோரைக் கொண்ட சமாதானக் குழு அமையக் காரணமாக இருந்தன. மிசோரத்தில் 1966இல் வெடித்த கிளர்ச்சிக்கும் 1986 ஒப்பந்தத்துக்கும் இடையே பிரெஸ்பிட்டேரியன் சபை நடுவர் வேலை பார்த்தது. துப்பாக்கியை ஆசீர்வதித்தவர்களும் அதைக் கீழே வைக்கச் சொன்னவர்களும் ஒரே வேதாகமத்தையே வாசித்தார்கள்.

ஈழத்தில் இந்தக் கேள்வி தமிழிலேயே எழுந்தது. அருட்தந்தை மேரி பஸ்தியன் 1985 ஜனவரியில் மன்னார் வங்காலையில் கொல்லப்பட்டார். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். குருமாரில் சிலர் ஆயுதப் போராட்டத்தை அரச ஒடுக்குமுறைக்கு வேறு வழியற்ற பதிலாகப் புரிந்துகொண்டார்கள். மறுபக்கத்தில், ‘முறிந்த பனை’ நூலை எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம எல்லாத் தரப்பு ஆயுதங்களையும் விசாரித்தார். 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைக்கான வன்முறையை ஏற்கும் இறையியலின் பலவீனம் இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. எந்தச் சூழலில் துப்பாக்கியை எடுக்கலாம் என்று அது விரிவாகச் சொல்கிறது. எடுத்த பிறகு அந்தத் துப்பாக்கி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

அமெரிக்க விவாதம், சுருக்கமாக

2017இல் பியூ நிறுவனம் எடுத்த கணக்கில் அமெரிக்கர்களில் 30 சதவீதம் பேர் துப்பாக்கி வைத்திருந்தார்கள்; வெள்ளை இவாஞ்சலிக்கல் கிறித்தவர்களில் 41 சதவீதம். 2015இல் சார்ல்ஸ்டன் நகரத்துக் கறுப்பர் தேவாலயத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டதைக் கட்டுப்பாட்டுக்கு ஆதாரமாக ஒரு தரப்பு காட்டும். 2019 டிசம்பரில் டெக்ஸாஸ் தேவாலயம் ஒன்றில் சுட்டவனைச் சபையின் தன்னார்வக் காவலர் சில விநாடிகளில் வீழ்த்தியதை மறுதரப்பு காட்டும். ஷேன் கிளைபோர்னும் மைக்கேல் மார்ட்டினும் துப்பாக்கிகளை உலையில் காய்ச்சித் தோட்டக் கருவிகளாக அடித்து ஏசாயாவை நடித்தே காட்டினார்கள். இந்த விவாதத்தின் அடித்தளம் ஆயுதத்தை உரிமையாக எழுதிவைத்த ஓர் அரசமைப்பு. அந்த அடித்தளம் நம்மிடம் இல்லை. ஆகவே அங்கிருந்து வாதத்தை இறக்குமதி செய்கிற தமிழ்ப் பிரசங்கங்கள், ஆதரவாகட்டும் எதிர்ப்பாகட்டும், கொல்லிமலை அடிவாரமான காரவள்ளியிலேயே நின்றுவிடும். கொண்டை ஊசி வளைவு எழுபதையும் ஏறிப் போகாது.

பன்றியும் பயிரும்

நமக்கு நெருக்கமான வாதம் கேரளத்திலிருந்து வருகிறது. மலையோரக் கத்தோலிக்க மறைமாவட்டங்களின் ஆயர்களும் குருமாரும் சில ஆண்டுகளாகக் காட்டு விலங்குகளால் நொடித்த குடியேற்ற விவசாயிகளின் பக்கம் நின்று, வன உயிரினச் சட்டத்தைத் திருத்தச் சொல்கிறார்கள். 2022இல் கேரள அரசு, ஆபத்தான காட்டுப்பன்றிகளை உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாடு வேறு வழியில் போனது. 2025இன் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற அரசுப் பணியாளர்கள் மட்டும் சுடலாம். காட்டோடு ஒட்டிக் கிடக்கும் கொல்லிமலைச் சிற்றூர்களுக்கு இதனால் என்ன பயன் என்பது, எந்த நிலம் காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது.

உழைத்தவன் பலனை உண்ண வேண்டும் என்ற வேத நீதி கேரள வாதத்தின் பலம். படைப்பின் மற்ற உயிர்களுக்கு அதில் இடம் குறைவாக இருப்பது பலவீனம். கொல்லிமலைக்கே உரிய ஒரு மாற்றுக் குரலை இங்கே நினைக்கலாம். பால் பிராண்ட் பின்னாளில் எழுதிய ஒரு கட்டுரை, தன் சிறுவயது மலைவாழ்க்கையை நினைத்து, வயல் சேற்றைக் கலக்கி வீணாக்கிய பிள்ளைகளுக்கு மண்ணின் அருமையைச் சொல்லித் தந்த முதியவரைப் பற்றிப் பேசுகிறது. நிலம் நமக்கு முன்னும் பின்னும் உள்ளவர்களுடையது என்ற அந்தப் பார்வையை மண்ணோடு நிறுத்தாமல் காட்டுக்கும் விலங்குக்கும் நீட்டினால், துப்பாக்கி பற்றிய பேச்சு உரிமையிலிருந்து பொறுப்புக்கு நகரும். பிராண்ட் அப்படி நீட்டினார் என்று சொல்ல முடியாது. நீட்ட இடமிருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

கைப்பிடிச் சுவர்

இந்த விவாதத்தில் இரு தரப்பும் அதிகம் தொடாத வேதப் பகுதி ஒன்று உண்டு. அது வாளைப் பற்றியதல்ல, கவனக்குறைவைப் பற்றியது. புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் வை, ஒருவன் விழுந்து செத்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்பது உபாகமம் 22:8 சொல்லும் விதி. குழியைத் திறந்து போட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கு ஈடு கட்ட வேண்டும். முட்டும் மாடு என்று எச்சரித்தும் கட்டி வைக்காதவன்மேல் கொலைப்பழி வரும். இவை இரண்டும் யாத்திராகமம் 21இல் உள்ளவை. எல்லாவற்றையும்விடக் கொல்லிமலைக்குப் பொருந்துவது உபாகமம் 19:5. இரண்டு பேர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவன் ஓங்கிய கோடரி காம்பை விட்டுக் கழன்று மற்றவன்மேல் பட்டுக் கொன்றுவிடுகிறது. கொன்றவன் பகைவன் அல்ல, கூட வந்தவன். அவன் ஓடிப் பிழைக்க அடைக்கலப் பட்டணம் வேண்டும் என்கிறது நியாயப்பிரமாணம்.

இருட்டில் பன்றியென்று நினைத்துச் சுட்டதில் வேட்டைக்குக் கூட வந்தவர் இறந்த செய்திகள் தமிழ்நாட்டு மலைகளிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. இறப்பவரும் சுட்டவரும் பெரும்பாலும் ஒரே ஊர், சில நேரம் ஒரே குடும்பம். தெர்த்துல்லியனும் அக்குவினாஸும் எதிரியைக் கொல்வது பற்றி எழுதிய பக்கங்களில் இந்த மரணத்துக்கு விளக்கமில்லை. கோடரிக் காம்பைப் பற்றிப் பேசும் சட்டத்தில் இருக்கிறது. கெட்டித்தபடி கூரையில் செருகிய துப்பாக்கி, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியேதான். இந்த வழியில் யோசித்தால் உரிமம், பூட்டு, பதிவு, ஒப்படைப்பு எல்லாம் அரசின் பிடியாக மட்டும் தெரியாது. அயலானுக்குச் செலுத்த வேண்டிய கடனாகவும் தெரியும். நாட்டுத் துப்பாக்கி விஷயத்தில் கிறித்தவ மரபு தரக்கூடியவற்றில் உறுதியானது இதுதான் என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

இதற்கும் பலவீனம் உண்டு. கவனமாக வைத்திருக்கிறேன் என்று சொல்பவரை இந்த வாதம் எதுவும் செய்யாது. உரிமம் வாங்கிப் பூட்டி வைத்த துப்பாக்கியை அது ஆசீர்வதித்தே அனுப்பிவிடும். பன்றியின் தரப்பையும் அது பேசுவதில்லை. பழைய விவசாயச் சமூகத்தின் நட்ட ஈட்டுச் சட்டத்தை இன்றைய குற்றவியல் சட்டத்துக்கு மேல் விரிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும்.

தீராதவை

ஆயுதம் எடுக்காதே என்பவர்களுக்கும் எடுக்கலாம் என்பவர்களுக்கும் இடையிலான பழைய வழக்கு தீரப்போவதில்லை. தீர்ந்தாலும் மலைத் துப்பாக்கிக்கு அதனால் பெரிய மாற்றம் இல்லை. கட்டுப்பாட்டை ஏற்பதற்குக் கிறித்தவ மரபில் வலுவான காரணங்கள் இருக்கின்றன என்று ஓரளவு நிதானத்தோடு சொல்லலாம். மலைக்காரர் துப்பாக்கியை ஒப்படைத்த பிறகு அவருடைய மரவள்ளியைக் காக்கும் கடன் யாருடையது என்பதற்கு அந்த மரபு தெளிவான பதில் தரவில்லை. துப்பாக்கி போன இடத்தில் மின்வேலியும், தீனிக்குள் வெடிமருந்து மறைத்த அவுட்டுக்காயும் வந்தால் கணக்கு நேராகுமா? அவையும் ஆளைக் கொல்பவைதான்.

சபைக்கு இதில் என்ன வேலை என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. மிசோரத்திலும் நாகாலாந்திலும் நடுவராக நிற்கச் சபைக்குப் பெரும்பான்மை பலம் இருந்தது. கொல்லிமலையில் அது சிறுபான்மை. அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் தொடங்கிய ஏர் கன் ஒப்படைப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தியது ஓர் அமைச்சர்; எந்த மதத்தின் பெயரும் அதற்குத் தேவைப்படவில்லை. கொல்லிமலையிலும் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரின் சொல்லுக்கு இருக்கும் எடை போதகரின் சொல்லுக்கு இருக்குமா என்பது கேட்டுப் பார்க்க வேண்டியது. அதைவிட முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பயிர்க் காவலுக்கென்று 13ஆம் பிரிவு திறந்து வைத்திருக்கும் உரிம வழி, செம்மேட்டிலிருந்து நாமக்கல் வரை மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய ஒரு மரவள்ளி விவசாயிக்கு எந்த அளவுக்குத் திறந்த வழியாக இருக்கிறது?